பொய்க் காய்ச்சல்

கிளினிக்கின் நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்த பத்மாவதிக்கு முதுகு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஆறு மாதமாக நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குலை வெட்டுவதும் அவள்தான், சுமப்பதும் அவள்தான். புருஷன் பஞ்சலிங்கம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக் குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி ஊதியிருக்கிறதாம். வெடித்தால் ஆஸ்பத்திரி வாசலைக்கூடக் காண முடியாது.

வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை, தொடையில் சின்னத் துவாரமிட்டு, கம்பிவலை தைத்த துணிக்குழாயை உள்ளே ஏற்றிவிடலாம் என்றார்கள். வீக்கம் சிறுநீரகங்களுக்குக் கிளை பிரியும் இடத்தில். அதனால் ஸ்கானில் அளவெடுத்து, கிளைகளுக்கு நேரே ஓட்டை விட்டு, வெளிநாட்டில் அவருக்கென்றே செய்வித்த குழாய் அது. வேறொருவருக்கும் பொருந்தாது. அது வந்து இரண்டு மாதமாகக் கொழும்பு ஆஸ்பத்திரியில் சும்மா கிடக்கிறது.

அப்படிக் கிடக்க வைத்தவள் பத்மாவதி. ஒபரேஷனுக்கு முதல் கொடுத்த திகதி அட்டமி. அடுத்தது அவருக்குச் சந்திராட்டமம். இரண்டு தரமும் கொழும்புக்குப் போன் எடுத்து, அவருக்குக் காய்ச்சல் என்று கூசாமல் சொன்னாள். புருஷனிடம், கொழும்பில்தான் திகதியைத் தள்ளிப்போட்டார்கள் என்று இன்னொரு பொய். நாள் செய்வது நல்லார் செய்யார் அல்லவா? வாழ்க்கையில் ஒரேயொரு நாள் அவள் பஞ்சாங்கத்தைத் திறக்காமல் விட்டாள். அன்றைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்ட மூத்தவன் கஜானன் திரும்பி வரவேயில்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பிழையை அவள் சுமக்கிறாள். வாழைக்குலையையாவது சந்தையில் இறக்கி வைக்கலாம்.

உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் புது ஸ்கானைப் பார்த்தார்.

"நாலு மில்லிமீற்றர் கூடியிருக்கு. நல்ல காலம், குழாய் இன்னும் பொருந்தும். இனியும் பிந்தினால் திரும்ப அளந்து செய்விக்கோணும். அதுக்கு மூண்டு மாசம். அதுவரைக்கும் இது தாங்குமோ தெரியாது." பிறகு நிமிர்ந்து, "ரெண்டு தரம் காய்ச்சலாமே? எத்தினை நாள் நிண்டது ஐயா?" என்றார்.

சந்தையில் அழுகின சீப்பைத் தானே எடுத்துக் காட்டி விற்கிற மனுஷன் பஞ்சலிங்கம். அவர் பத்மாவதியை ஒருமுறை பார்த்தார்.

"மூண்டு மூண்டு நாள், டொக்டர்."

"சரி. அப்ப வாற செவ்வாய் கொழும்புக்குப் போங்கோ. நான் கதைக்கிறன்."

சேலைக்குள் அவள் விரல்கள் எண்ணின. செவ்வாய், நவமி.

"யோசிச்சுச் சொல்லுறம்" என்றாள்.

வெளியே வந்து மறுபடியும் அதே வாங்கில் இருந்தார்கள்.

"என்னை ஏன் காட்டிக் குடுக்கேல்லை?"

"உன்னோடை சண்டை பிடிக்க எனக்கு ஏலாது பத்மா. களைச்சுப் போனன்." பிறகு அவரே தொடர்ந்தார். "ஒண்டு சொல்லோணும். கஜானன் போன அண்டைக்குப் பின்னேரம் நான் பஞ்சாங்கம் பாத்தனான்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்ல நாள். அமிர்தசித்தம். அவன் வெளிக்கிட்ட நேரமும் சுபநேரம்தான்."

"இதை ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நாள் பிழை எண்டு நினைச்சாவது உனக்கொரு காரணம் கிடந்தது. அதையும் பறிச்சால் பிறகு என்ன மிஞ்சும்?"

முதலில் அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் தெம்பு இல்லாமல் போனது. முந்தானையை வாயில் வைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் மருந்துக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அழுது முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே வேறொரு நோயாளி இருந்தார். கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டினாள்.

"டொக்டர், செவ்வாய் போறம். அவருக்கு இனிக் காய்ச்சல் வராது."