தரவரிசையில் முதலாவது

2003இல் தென்லண்டன் கல்லூரியொன்றின் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தபோது, பயிற்சியாளர் குலசேகரம் தரவரிசையில் துவாரகனை முதலாவதாகவும் நிரோஜனைக் கடைசியாகவும் எழுதினார். “நீ கட்டாயம் பெரிய கிளப்புக்குப் போவாய்” என்று துவாரகனிடம் சொன்னதும் அவர்தான். அதை நம்பி அவன் படிப்பை விட்டான்.

ஐந்து வருடங்களில் நிரோஜன் சம்பளத்துக்கு ஆடும் அணியொன்றில் சேர்ந்துவிட்டான். துவாரகனை எந்தக் கிளப்பும் எடுக்கவில்லை. தென்லண்டனின் டூட்டிங் பகுதிக் கடையொன்றில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவனைக் கண்டதும் குலசேகரம் கிட்டப் போனார்.

“தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

“இல்லை சேர், நான் நல்லாத்தான் விளையாடினனான்,” என்றான் துவாரகன். “மற்றவை என்னைவிட நல்லா விளையாடிச்சினம்.”

அவன் கோபித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வருடம் கல்லூரி அணிக்குக் கேட்ட தரவரிசைப் பட்டியலில் பெயர்களை அகரவரிசையில் எழுதிக் கொடுத்தார்.