லேபிள் இல்லாத பாட்டில்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு என் பொண்டாட்டி தினம் ஓதுவா. அன்னைக்கு வந்தது கோபமில்ல, வெறி.

காலையில குளிப்பாட்டும்போது பாப்பா வீறிட்டா. எட்டு மாசக் குழந்தை. துடைச்ச துண்டோட தோலும் உரிஞ்சு வந்துச்சு. கழுத்து மடிப்பெல்லாம் ரத்தம். பொண்டாட்டியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுட்டு நான் ஃபேக்டரிக்கு ஓடினேன். நியாயமா நானும் கூடப் போயிருக்கணும். ஆனா அவளுக்குப் போட்ட ஷாம்பு எங்க ஃபேக்டரியில செஞ்சது. நான் பேக்கிங். கலக்குறவன் என் மச்சான், பொண்டாட்டியோட கூடப்பிறந்த தம்பி.

"என்ன மாமா, லேட்டா?"ன்னு சிரிச்சுக்கிட்டே திரும்பினான். தாடையில விட்டேன் ஒரு குத்து. தொட்டியில மோதி விழுந்தவனை முடியைப் பிடிச்சுத் தூக்கி மறுபடி விட்டேன். எலும்பு நொறுங்கினது என் விரல்ல தெரிஞ்சுது. ரெண்டு பல்லு தரையில கிடந்துச்சு. "என்னடா கலந்த? உன் அக்கா பொண்ணுடா அது"ன்னு மிதிச்சேன். அவன் திருப்பிக் கையே ஓங்கல. நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்தாங்க.

சரக்கைப் பரிசோதிக்கிற அக்கா ஓடி வந்து, "எந்த பாட்டில்?"னு கேட்டாங்க.

"லேபிள் ஒட்டாதது. நேத்து கதவோரம் ட்ரேல இருந்துச்சு."

லேபிள் கெட்டுப்போன பாட்டில்னா லேபிளை உரிச்சுட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது எங்க பேக்கிங் ஆளுங்க வழக்கம். யாரும் கேக்க மாட்டாங்க. இதையும் அப்படி நினைச்சுத்தான் எடுத்துட்டுப் போனேன்.

அக்கா முகம் வெளுத்துப்போச்சு. "அடப்பாவி, அது கொட்டுறதுக்கு வச்சதுய்யா. மிஷின் குழாய் கழுவின மருந்து, அடுத்து நிரப்புற முதல் பாட்டில்கள்லதான் வரும். பிள்ளைங்க மேல பட்டுடக் கூடாதுன்னு இவன்தான் தனியா எடுத்து வச்சான்."

அப்பதான் போன் அடிச்சுது. பொண்டாட்டி.

"கண்ணுலயும் பட்டிருக்காம். என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் பார்வையைக் காப்பாத்த முடியும்னு டாக்டர் சொல்றாரு. தம்பிகிட்ட குடுங்க."

அக்காவைப் பார்த்தேன். "வழக்கமா குழாய் கழுவுற மருந்து தீர்ந்துபோச்சு. நேத்து எதை ஊத்தினான்னு அவனுக்குத்தான் தெரியும்"னாங்க.

மச்சான் வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்துச்சு. அட்டைப்பெட்டியை இழுத்து, அக்கா குடுத்த பேனாவால மருந்து பேரை எழுதினான். நான் ஒவ்வொரு எழுத்தா போன்ல படிச்சேன்.

அவ டாக்டர்கிட்ட சொல்லிட்டு மறுபடி போனுக்கு வந்தா.

"நீங்க ஏன் படிக்கிறீங்க? தம்பி எங்க?"