கும்மட்டத்தில் மூன்று இருட்டு வரிசை

செப்டம்பர் பிறந்த மறுநாள் காலை பக்கத்து மொட்டைமாடியிலிருந்து தோனா எட்டிப் பார்த்தாள். நான் கொடியில் நான்காவது பெட்ஷீட்டுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஜூசா, தப்பா எடுத்துக்காதே. விஸ்தினுக்குப் படுக்கையிலேயே போயிடுதா? மே மாசத்துலேர்ந்து பாக்கறேன், தினமும் நாலு பெட்ஷீட்டு தொங்குது. பெரியவங்களுக்குன்னே டயப்பர் வந்திருக்கு, மருந்துக்கடையில சத்தம் போடாம குடுப்பாங்க."

என் புருஷன் முப்பத்தெட்டு வருஷம் மஞ்சள் கல்லை அறுத்துக் கட்டடம் கட்டியவன். அவன் மானத்தை அந்த நிமிஷத்தில் நான் விற்றேன். "வயசாகுது இல்ல தோனா" என்று சொல்லி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அவள் உச்சுக்கொட்டிவிட்டு இறங்கிப் போனாள். பெட்ஷீட்டுகளுக்கு உள்ளே, அறுத்த பீப்பாய்களில், நான்கு கஞ்சாச் செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன.

வீட்டுக்கு நான்கு செடி வைத்துக்கொள்ளலாம் என்று மால்டாவில் சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. வெளியாள் கண்ணில் மட்டும் படக்கூடாது, பட்டால் அபராதம். விஸ்தினுக்கு வலது தோளில் நரம்பு போய்விட்டது. மாத்திரை போட்டால் வயிறு எரியும், போடாவிட்டால் தோள் எரியும். போன குளிர்காலத்தில் அவனுடைய பழைய கூட்டாளி ஒருவன் கொடுத்த கஞ்சாவைப் பிடித்துவிட்டு ஆறு மணி நேரம் தூங்கினான். மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கவும் இடம் இருக்கிறது, ஆனால் வரிசையில் நிற்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்களாம். அந்த ஆறு மணி நேரம் அவனுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

அதற்காக ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, புதிதாக வளர்ப்பவர்களுக்கான வகுப்புக்குப் போனேன். மரீலா என்று ஒரு பெண் நடத்தினாள். பற்களுக்கு நடுவே இடைவெளி, சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும். முயல் குழம்பு எழுதி வைத்திருக்கும் நோட்டிலேயே அவள் சொன்னதையெல்லாம் எழுதினேன். வெயில் வேண்டும், காற்று வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது, ஆண் செடி தெரிந்தால் பிடுங்கிவிட வேண்டும். கடைசி அரைமணி நேரம் மட்டும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். அறுபது வயதில் எனக்கு அப்படி என்ன அவசரமோ.

வெயில் நல்லது என்றால் வெளிச்சமும் நல்லதுதானே என்று என் மூளை கணக்குப் போட்டது. எங்கள் மாடியில் ஒரு பக்கம் தெரு, பஸ் நிறுத்தம். மறுபக்கம் கோயில் கும்மட்டம். மாதா திருவிழாவுக்கு அதில் உச்சியிலிருந்து அடிவரை பல்பு வரிசைகள் கட்டி விடியவிடிய எரியவிடுவார்கள். செடிகளுக்கு ராத்திரியிலும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கட்டும், மாதாவின் வெளிச்சம் வேறு, யாருக்குக் கிடைக்கும் என்று மண் போடுவதற்கு முன்பே காலிப் பீப்பாய் நான்கையும் அந்தப் பக்கமாக இழுத்து வைத்தேன். இந்த ஊரில் பிறந்தவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

ஆகஸ்ட் கடைசியில் பூ வரும் என்று நோட்டில் இருந்தது. வரவில்லை. இலை மட்டும் மதமதவென்று வந்துகொண்டே இருந்தது. தோனா டயப்பர் பேச்சு பேசிய அன்றே மரீலாவுக்குப் போன் போட்டேன்.

"ராத்திரியில வெளிச்சம் ஏதாவது படுதாம்மா?" என்று கேட்டாள்.

"படுதே. நான்தானே இழுத்து வச்சேன்."

அவள் சொன்னாள், "நீளமான இருட்டு இருந்தாத்தான் அது பூக்கும். விளக்கு எரிஞ்சா இன்னும் கோடைன்னு நினைச்சுக்கும். கடைசி அரைமணி நேரம் இதைத்தான் பேசினேன்."

மாதாவுக்கு முடிசூட்டி நூறு வருஷம் ஆகிறது என்று இந்தத் தடவை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே விளக்கு ஏற்றிவிட்டார்கள், செப்டம்பர் முழுக்க எரியும் என்றும் அறிவித்திருந்தார்கள். அக்டோபரில் மழை வந்தால் செடி அழுகிவிடும். மண் நிரப்பிய பீப்பாயை நகர்த்த என்னால் ஆகாது, விஸ்தினின் தோளுக்கும் ஆகாது. கறுப்புத் துணியால் மூடிப் பார்த்தேன், இரண்டு கிளை ஒடிந்ததுதான் மிச்சம். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

விளக்கெல்லாம் கார்மனுவின் பொறுப்பு. மாதா பேண்டு சங்கத்தின் தலைவர் அவர். எங்கள் வீடோ மூன்று தலைமுறையாக அதற்குப் போட்டியான சூசையப்பர் பேண்டு. கொடிக்கம்பம் எங்கே நடுவது என்பதில் கைகலப்பாகி, பதினோரு வருஷமாக விஸ்தினும் கார்மனுவும் பேசுவதில்லை. "அந்தாளு கும்மட்டத்துல ஏறும்போது நம்ம செடியைப் பாத்தான்னு வை, மறுநாள் போலீசு வந்து நிக்கும்" என்று விஸ்தின் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனிடம் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாதா சங்கத்துக்குள் முதன்முறையாகக் கால் வைத்தேன். கார்மனு தனியாக உட்கார்ந்து பல்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை.

"எங்க பக்கத்து வரிசை வெளிச்சம் நேரா ஜன்னல்ல அடிக்குது. அவருக்குத் தூக்கமே இல்லை" என்றேன்.

"மாதாவுக்கு ஏத்துன விளக்கு. சூசையப்பர் வீட்டுக்காரன் தூங்கறதுக்காக அணைக்கவா?"

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "நாலுதானே?" என்றார்.

"என்ன நாலு?"

"மேலேர்ந்து பாத்தா பெட்ஷீட்டு எதையும் மறைக்காது ஜூசா. பல்பு கட்டும்போதே எண்ணிட்டேன். யாராவது அதைக் கொண்டுபோய் விளக்குக்கு நேரா வைப்பாங்களா?"

அவரே மேலே பேசினார். அவர் மனைவி ரீத்தாவுக்குக் கடைசி வருஷம் சோறு இறங்கவில்லையாம். பட்டாசுக் கொட்டகைக்குப் பின்னால் சப்பாத்திக்கள்ளிக்கு நடுவே ஒரே ஒரு செடி வளர்த்தாராம். அப்போது சட்டம் இல்லை, பிடித்திருந்தால் உள்ளே தள்ளியிருப்பார்கள். "ரெண்டு மாசம் நல்லா சாப்பிட்டா" என்றார். பல்பை மறுபடி துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அணைக்கறேன்னு நான் சொல்லலை. நீ இங்க வந்ததை அவன்கிட்ட சொல்லாதே. போ."

மறுநாள் பொழுது சாயும்போது கும்மட்டத்தில் விளக்கு எரிந்தது. எல்லா வரிசையும் எரிந்தது, எங்கள் பக்கத்து மூன்றைத் தவிர. ஆரஞ்சுப் பழத்தில் மூன்று சுளை எடுத்தது போல நடுவே இருட்டாக இருந்தது. துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். விஸ்தின் மேலே வந்து பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். தோள் வலிக்குது, வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆகிறது.

"நூறாவது வருஷமாம். மூணு வரிசை பல்பு எரிய வைக்கத் தெரியலை. கார்மனு கதை முடிஞ்சது."

ஊர் முழுக்க அதே பேச்சு. வயரை எலி கடித்துவிட்டது என்றார்கள். பல்புக் காசைச் சங்கத்துக்காரன் எவனோ தின்றுவிட்டான் என்றார்கள். மாதா சங்கத்துப் பையன்களே தலைவரை மாற்ற வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். சரிசெய்ய ஏற வந்தவர்களையும், "முப்பது வருஷமா நான்தான் கட்டறேன், ஒருத்தனும் தொடக்கூடாது" என்று கார்மனு விரட்டிவிட்டாராம். திருவிழாவன்று தேர் எங்கள் மூலையில் திரும்பும்போது விஸ்தின் வாசலில் நின்று, பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் வாய் திறந்தான்.

"என்ன கார்மனு, கண்ணு தெரியலையா?"

பேண்டு வாசிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கார்மனு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"வயசாயிடுச்சு விஸ்தின்" என்று சொல்லிவிட்டு, தேருக்குப் பின்னால் நடந்து போனார்.

பத்து நாள் கழித்து, விளக்கு ஏற்றும் நேரத்தில் மாடிக்குப் போனேன். விஸ்தின் பீப்பாய்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "இங்க வா, இதைப் பாரு" என்றான். கிளை நுனியில், இலை இடுக்கில், வெள்ளையாகச் சின்னச் சின்ன முடிகள் எழும்பியிருந்தன. நான்கிலும் பூ பிடித்துவிட்டது. அம்மாடி என்று அவன் நல்ல தோளைப் பிடித்துக்கொண்டேன். எதிரே கும்மட்டம் பளிச்சென்று எரிய ஆரம்பித்தது. நான் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"சூசையப்பர் வீட்டுல இருந்துக்கிட்டு அந்தப் பக்கம் ஏன் கும்பிடறே?" என்றான்.

"சும்மாதான்" என்றேன்.

மூன்று வரிசை இருட்டு எங்கள் மாடிவரை வந்து, செடிகளின் மேலும் அவன் மடியிலும் விழுந்திருந்தது.