குட்டான் பழகிய விசில்

சிவாஜினி கதவைத் திறந்ததும் குட்டான் வழமைபோல் அவளை விசாரிக்கவில்லை. விசிலடித்தது.

குட்டான் ஒரு கொக்கட்டீல் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் எழும்பி நிற்கும் கொண்டை. துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் தனியே இருந்தவளுக்கு, அவள் வேலை செய்யும் பல் கிளினிக்கின் தாதி ஜெஸ்மின் குஞ்சாகக் கொடுத்தது. வீடு திரும்பினால் கேட்க ஆளில்லையே என்று, "சிவா, வந்திட்டியா?" என்று சொல்ல அவளே பழக்கியிருந்தாள். பூட்டில் திறப்புச் சத்தம் கேட்டால் போதும், பெரிய மனிசன்மாதிரி உள்ளிருந்து கேட்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் நின்று பதில் சொல்வாள்.

இன்றைக்கு மூன்று சுரம். கடைசிச் சுரம் இழுபட்டுக் கீழே இறங்கியது. அவள் கணவனாயிருந்த இராகுலன் ஒழுங்கைக்குள் நுழையும்போது அடிக்கிற விசில் அது. அதைக் கேட்டதும் அந்தக் காலத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, இன்றைக்கு எதைச் சாட்டி அடிப்பானோ என்று காத்து நிற்பாள்.

கூட்டின் தட்டைப் பார்த்தாள். சூரியகாந்தி விதைக் கோதுகள். கொழுத்துவிடும் என்று அவள் தினையைத் தவிர வேறொன்றும் வைப்பதில்லை. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஸுல்பிகா விசில் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "முந்தி அவர் அடிச்சதக் கேட்டுப் பழகியிருக்கும் புள்ள. குருவிக்கு என்ன தெரியும்?"

"ராத்தா, அவரைப் பிரிஞ்சாப் பிறகுதானே குட்டான் வந்தது."

ஸுல்பிகாவின் சிரிப்பு நின்றது. "பூட்ட மாத்தல்லையா?"

"அவரிட்ட இருந்த திறப்பு கடலுக்குள்ள விழுந்திட்டுதெண்டு சொன்னவர். நான் நம்பிட்டன்."

"நீ இன்டைக்கு இங்க படு. நான் பொலிசுக்குக் கதைக்கிறன்."

"குட்டானை விட்டிட்டு என்னெண்டு? அவரை உங்களுக்குத் தெரியாது. நான் ஆசை வச்ச ஒண்டையும் அவர் விட்டுவைக்கமாட்டார்."

தான் கிளினிக்கில் இருக்கும் பகல் பொழுதில்தான் அவன் வந்துபோகிறான், இப்போது வீடு வெறுமையாகத்தான் இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூட்டைத் தூக்கிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஸுல்பிகா போனைக் காதில் வைத்தபடி தன் வீட்டுப் படலை வாசல்வரை வந்து நின்றாள்.

பள்ளிவாசலில் மாலை மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. இருட்டில் திறப்பு பூட்டுத் துவாரத்தைத் தேடிக் கதவில் தட்டியது. சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குட்டான் கேட்டது: "சிவா, வந்திட்டியா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஓம் ராசா, வந்திட்டன்," என்றாள்.

"சிவா..." என்று அது மறுபடியும் தொடங்கியது. சொல்லி முடிக்குமுன், அதன் குரலுக்கு மேலாக, குசினி அடுப்புப் பக்கமிருந்து மூன்று சுரம். கடைசிச் சுரம் இழுபட்டுக் கீழே இறங்கியது.

திறப்பு பூட்டுக்குள் அரைவாசி திரும்பியபடி நின்றது.