உப்புக்காகக் கப்பலேறியவர்

புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது போயிருந்த புத்தளத்து அகதி முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி, ஸுஹறா தன் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சமாதானப் பேச்சு நடந்ததால் பாதை திறந்திருந்தது. மொழிபெயர்ப்பாளன் பாலன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு வந்தான்.

“அக்கா, இவா ஹெலன், அவுஸ்திரேலியாவில இருந்து வாறா. தன்ர பூட்டனுக்குப் பூட்டன் கச்சு முகம்மதுவின்ர சொந்தக்காரரைத் தேடுறா. பழைய வழக்குப் பதிவில பேரும் ஊரும் இருக்காம்.”

“அது எங்கட வாப்பாட பேரெல்லோ. முந்தின ஒருத்தற்ற பேரைத்தான் அவருக்கு வைச்சது.”

அந்த முந்தியவரின் கதை ஸுஹறாவுக்குத் தெரியும். கொக்கிளாயில் அரசாங்க உப்பை அள்ளி, தடுத்த காவலாளியை அடித்தவரை வெள்ளைக்காரர் நாடுகடத்திக் கப்பலேற்றினார்கள். கப்பல் தாழ்ந்துபோனதென்று ஊரில் கதை வந்தது. வயிற்றில் பிள்ளையோடு நின்ற பெண்சாதி அதை நம்பவில்லை. வேறு கலியாணமும் செய்யவில்லை. அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவள்தான் ஸுஹறா.

“கப்பல் தாழேல்லை அக்கா,” என்றான் பாலன். “அங்க ஆடு மேய்ச்சிருக்கிறார். தண்டனை முடிஞ்சு, கிறிஸ்தவ வேதத்தில சேர்ந்து, அங்கத்தைப் பொம்பிளையைக் கட்டி, பிள்ளை குட்டியோட இருந்திருக்கிறார்.”

“இஞ்ச விட்டிட்டுப் போனவாவைப் பற்றி ஏதும் சொன்னவராமோ?”

பாலன் ஆங்கிலத்தில் கேட்க, ஹெலன் தலையாட்டி மறுத்தாள்.

“ஒண்டும் சொல்லேல்லையாம். கடைசிக் காலத்தில மட்டும் ஆருக்கும் விளங்காத பாசையில தனியக் கதைச்சுக்கொண்டிருந்தவராம்.”

ஸுஹறா தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனாள். காத்திருந்தவளை நினைக்க நெஞ்சு கொதித்தது. பிறகு, புத்தளத்திலேயே நின்றுவிட்ட மகனின் நினைவு வந்தது. அவனும் முல்லைத்தீவுக் கதை எடுப்பதில்லை. எடுத்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

அந்த வெள்ளிக்கிழமை, இறந்துபோன கச்சு முகம்மதுவுக்காகக் கத்தம் ஓதுவதென்று முடிவெடுத்தாள். ஓதிக்கொடுக்கும் மூத்தவர் நாஸிம் காக்கா தயங்கினார்.

“வேதத்தில மௌத்தானவருக்கு எப்பிடிப் புள்ள ஓதுறது?”

“மனசில என்ன இருந்ததெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும், காக்கா. காத்திருந்தாவுக்கும் சேர்த்து ஓதுங்கோ.”

“அவாட பேர் என்ன?”

ஒருவருக்கும் தெரியவில்லை. நாஸிம் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கச்சு முகம்மதுவுக்கும் அவர் பெண்சாதிக்கும் என்றே ஓதினார். ஹெலன் தலையில் துணி போட்டுக்கொண்டு பெண்களோடு பாயில் இருந்தாள். மற்றவர்கள் கைகளை இறக்கிய பிறகும் ஸுஹறா கையேந்தித் துஆக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், ஹெலனுக்கும் தனக்குமாக ஒரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.