துவைத்த கவுன்

"என் புள்ளையக் கொண்டாந்து குடுங்க மாமி" என்று ரூபினா கேட்டாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிகிறவரை இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு வயது மிஸ்பா பெருந்துறையில் நாத்தனார் வீட்டில் இருந்தாள்.

மருந்து ஏறத் தொடங்கியதிலிருந்து ரூபினாவுக்குத் தாளிக்கிற வாசம், சோப்பு வாசம் எல்லாமே குமட்டின. குழந்தை கழற்றிப் போட்ட ஒரு கவுனின் வாசம் மட்டும் வயிற்றைப் புரட்டவில்லை. அதை மூக்கோடு வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அழுக்காய்க் கிடக்கிறதே என்று மாமியார் பக்ருன்னிசா இன்று அதைத் துவைத்துப் போட்டுவிட்டார்.

"மொட்டத் தலையப் பாத்தா புள்ள பயந்துக்கும் கண்ணு. முடி மொளைக்கட்டும்."

"துப்பட்டிக்குள்ள உங்க முடியுந்தான் தெரியறதில்லீங்க. உங்களப் பாத்து யாரு பயந்தாங்க?"

"பி.எஸ்சி. படிச்ச வாயி! உன் மூச்சுல மருந்துச் சூடு இருக்குதாமா. புள்ளைக்கு ஆகாதுன்னு பக்கத்தூட்டுல சொல்றாங்க."

"தூக்கலாம்னு டாக்டரே சொல்லிப்போட்டாருங்க. பக்கத்தூட்டுக்காரங்க எந்தக் காலேஜுல படிச்சாங்க?"

பக்ருன்னிசாவின் குரல் இறங்கியது. "அடுத்த மாசம் பாக்கலாங்கண்ணு."

போன வாரம் போன் பேசும்போது, மிஸ்பா நாத்தனாரை அம்மா என்று கூப்பிட்டது ரூபினாவின் காதில் விழுந்திருந்தது. அடுத்த மாதம் வரை அவளால் பொறுக்க முடியாது. வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பாலிதீன் பையை எடுத்துக்கொண்டாள்.

"காந்திபுரத்துல பஸ் ஏறிப் பெருந்துறைக்குப் போறேன் மாமி. புள்ளையோடதான் திரும்பி வாரேன்" என்று சொல்லிவிட்டு வாசலிறங்கி நடந்தாள்.