பி.காம். மறைத்தவள்

அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மாதங்கள் பல ஆகியும் இசக்கிசெல்விக்குப் பயம் விடவில்லை. அது கடைநிலை உதவியாளர் வேலை. பட்டம் வாங்கியவர்கள் அதற்கு விண்ணப்பிக்கக் கூடாது என்பது விதி. அவள் பி.காம். முடித்தவள். முன்பு பழவங்காடிக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் அந்தப் படிப்பைக் காட்டித்தான் கணக்கு எழுதினாள். படிப்பை மறைத்துக் கோப்பு சுமக்கும் இந்த வேலையில் அதைப்போல இரண்டு மடங்கு சம்பளம்.

அன்று டீத் தட்டோடு உள்ளே நுழைந்தபோது, புதிதாக வந்திருந்த கிளார்க் துள்ளி எழுந்தாள்.

"எடீ இசக்கீ! நீ இங்கயா? எந்த செக்ஷன்?"

சபீனா. கல்லூரியில் மூன்று வருடமும் பக்கத்தில் உட்கார்ந்தவள். இசக்கிசெல்வி தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். சூப்பிரண்டு ரத்னாபாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"அப்புறம் பேசலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு இசக்கிசெல்வி வெளியேறினாள். அந்த 'மேடம்' சபீனாவைக் குழப்பியது. பின்னாலேயே படிக்கட்டுக்கு வந்தாள்.

இசக்கிசெல்வி அழாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "அவருக்கு டைல்ஸ் வேலை. மழை பெய்தா அதுவும் இல்ல. யார்கிட்டயும் பறையாதே சபீ, உன் காலைப் பிடிக்கேன்."

சபீனா ஒரு படி பின்வாங்கினாள். "எனக்குத் தந்திருக்கது புதுசா சேர்ந்தவங்க சர்ட்டிஃபிகேட் எல்லாம் பரிசோதிக்கிற வேலையாக்கும். அறிஞ்சிட்டு கையெழுத்துப் போட்டா என் வேலையும் போவும். ஏன்டீ என்கிட்ட சொன்ன?"

இசக்கிசெல்வி கோப்புகளை எடுக்கப் படியிறங்கினாள்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ரத்னாபாய் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கேட்டாள். "ரெண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்? காலேஜில ஒண்ணா படிச்சீங்களோ?"

கை கழுவிக்கொண்டிருந்த இசக்கிசெல்வி குழாயை மூட மறந்து நின்றாள்.

"இல்ல மேடம்" என்றாள் சபீனா. "ஸ்கூல்ல. பிளஸ் டூ வரை."

"நல்லா படிப்பாளோ?"

"சுமாரா."

ரத்னாபாய் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். சபீனா அதன்பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வருடக் கடைசியில் இசக்கிசெல்வியின் வேலை நிரந்தரமானது. பரிசோதித்ததாகச் சபீனா கையெழுத்துப் போட்டிருந்தாள். நன்றி சொல்லப் போனபோது அவள் தலை நிமிரவில்லை.

"இனி என் மேஜைப் பக்கம் வராதே. டீயும் வேண்டாம். எனக்கும் பிள்ளைங்க உண்டு."

அடுத்த வாரமே சபீனா வேறு அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டாள்.

வேலை நிரந்தரமான அன்று மாலை இசக்கிசெல்வியின் கணவன் பிரவின்ராஜ் அல்வா வாங்கி வந்தான். "இனி என்ன பயம்? எல்லாம் சரியாச்சுல்லா" என்று அவள் வாயில் ஊட்டினான். அவள் தலையாட்டினாள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அல்வாவை விழுங்காமலே எழுந்து போய்ப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி. சீனி கடன் கேட்க வந்திருந்தாள்.